டர்பன் வீட்டுக்கு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வரும்போது: முதல் ஆறு மாதங்களில் எதை எந்த வரிசையில் செய்வது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் உள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் புதிதாகக் குட்டி வாங்கியவர்களுக்கு உதவப் போனபோதெல்லாம், அவர்கள் செய்யாமல் விட்டவற்றைவிட வரிசை மாற்றிச் செய்தவற்றால் நேர்ந்த இழப்பையே அதிகம் கண்டிருக்கிறேன். குட்டி வந்த அன்றே குளிப்பாட்டுகிறார்கள், மறுநாள் உறவினர் வீடுகளுக்குத் தூக்கிச் செல்கிறார்கள், அதற்கடுத்த நாள் முற்றத்தில் அவிழ்த்து விடுகிறார்கள்; கால்நடை மருத்துவரின் நினைவு குட்டி சோர்ந்து படுத்த பிறகே வருகிறது. இதே நான்கு வேலைகளைப் பின்னாலிருந்து தொடங்கியிருந்தால் பல குட்டிகள் பிழைத்திருக்கும். ஆகவே கீழே உள்ள எண்களை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பு

முதல் வேலை முற்றத்தைச் சுற்றி வருவது. நம் தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் 'யெஸ்டர்டே டுடே டுமாரோ' செடியின் காயும் விதையும் நாய்க்கு வலிப்பை உண்டாக்கும் கடும் விஷம். சைக்கட் மரத்தின் விதை கல்லீரலை அழித்துவிடும். பல் முளைக்கும் குட்டி கண்ணில் படும் எதையும் மெல்லும் என்பதால், செடியை அகற்றுங்கள், அல்லது குட்டி எட்டாதபடி வலை அடித்து மறையுங்கள். நத்தைக்குத் தூவும் மருந்தையும் எலி மருந்தையும் அந்த வாரத்தோடு நிறுத்துங்கள். பூனை வரப்போகும் வீட்டில் லில்லி மலர் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது, பூஜைக்கு வாங்கும் பூங்கொத்திலும்கூட. மகரந்தம் ரோமத்தில் ஒட்டி அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

அடுத்து கேட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். உங்கள் கை நுழையும் இடைவெளியில் எட்டு வாரக் குட்டியின் தலையும் நுழையும்.

மூன்றாவதாக, வீட்டுக்குள் ஓர் அறையையோ மூலையையோ குட்டிக்கென ஒதுக்கி, படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், பூனையானால் மணல் தட்டு ஆகியவற்றை வைத்துவிடுங்கள். முதல் வாரத்திலேயே வீடு முழுவதையும் திறந்துவிட்டால் குட்டி எங்கு தூங்குவது, எங்கு கழிப்பது என்று புரியாமல் குழம்பும். அந்தக் குழப்பத்தைப் பிறகு நாம் 'அடங்காத குணம்' என்று பெயரிட்டுத் திட்டுகிறோம்.

கடைசியாக, மருத்துவரை இப்போதே தேர்ந்தெடுத்து, குட்டி வரும் நாளுக்கே நேரம் வாங்கிவிடுங்கள். இரவிலும் ஞாயிறன்றும் திறந்திருக்கும் அவசர மருத்துவமனை எது என்று அறிந்து, அதன் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். இரவு 2 மணிக்கு வலிப்பில் துடிக்கும் நாயைக் கையில் வைத்துக்கொண்டு எண் தேடுவது எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை அனுபவித்த பிறகே நான் இதைச் செய்தேன்.

2. கொண்டு வரும் நாள்

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்க வேண்டாம். தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடியின் அளவைக் கற்றுக்கொள்ளாமல் பிரிந்த குட்டி, வளர்ந்த பிறகும் விளையாட்டுக்கும் கடிக்கும் வேறுபாடு தெரியாமல் இருக்கும். விற்பவர் ஊசி போட்டதாகச் சொன்னால் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேளுங்கள். மருந்துக் குப்பியின் சிறு ஒட்டுத்தாளும் மருத்துவரின் கையொப்பமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை ஊசியாகக் கணக்கிடக் கூடாது.

விற்பவர் வீட்டிலிருந்து நேராக மருத்துவரிடம் செல்லுங்கள். காத்திருக்கும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாமல் மடியிலோ பெட்டியிலோ வைத்திருங்கள். ஏனெனில், நோயுற்ற நாய்கள் நின்ற தரை அது. அங்கே எடை பார்த்து, மலத்தில் புழு பார்த்து, ஊசிக்கும் உண்ணி மருந்துக்கும் தேதிகளைக் குறித்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள். குளியல் இப்போது வேண்டாம். இடம் மாறிய களைப்பில் இருக்கும் உடலைக் குளிரவைப்பது மட்டுமே அதனால் நடக்கும்.

முதல் வாரம் குட்டி முன்பு தின்ற உணவையே கொடுங்கள். மாற்ற விரும்பினால் பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஏழு நாளில் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அது உணவாலா நோயாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

3. தடுப்பூசிக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நாய்க்குட்டிக்கு டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஒரே மருந்தை ஏன் மீண்டும் மீண்டும் போடுகிறார்கள், பணம் பறிக்கவா என்று கேட்காதவர் இல்லை. தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்பாற்றல் இருக்கும்வரை அதுவே ஊசி மருந்தையும் முறியடித்துவிடும். அது ஒரு குட்டிக்கு எட்டாம் வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்காம் வாரம்வரை நீடிக்கும். தீரும் நாள் வெளியே தெரியாததால் இடைவெளி விட்டுப் பலமுறை போடுகிறோம். கடைசி ஊசியைத் தவறவிட்டவர், முன்பு போட்ட எதுவும் பிடிக்காமலே போயிருக்கக்கூடும் என்று கருத வேண்டும்.

பார்வோவை இந்த நாட்டில் பலர் 'கேட் ஃப்ளூ' என்று சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பி வீட்டுப் பூனையைத் துரத்தியவர்களும் உண்டு. உண்மையில் அது நாயிடமிருந்து நாய்க்கு, மலம் பட்ட மண் வழியாகவும் செருப்பு வழியாகவும் பரவுகிறது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். என் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குட்டி இரத்த வயிற்றுப்போக்கில் இறந்து, துக்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே வேறொரு குட்டியை அதே முற்றத்துக்குக் கொண்டுவந்து, அதையும் அதே நோய்க்குப் பறிகொடுத்தார்கள். அப்படிப்பட்ட முற்றத்துக்கு ஊசி முழுமையாக முடிந்த நாயை மட்டுமே கொண்டுவர வேண்டும். சிமெண்டுத் தரையையும் கிண்ணங்களையும் முதலில் சோப்பால் கழுவி, பிறகு ஒரு பங்கு ஜிக்குக்கு (துணி வெளுக்கும் ப்ளீச்) 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி பத்து நிமிடம் விட வேண்டும். மண் தரையில் இது பயன்படாது.

வெறிநோய் ஊசி தனிக் கணக்கு. டர்பன் உள்ள குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் வெறிநோய் நாய்களிடையே தொடர்ந்து இருந்துவருவதால், நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதிலிருந்து 12 மாதத்துக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. மாகாண அரசின் கால்நடைத் துறை முகாம்களில் இதை இலவசமாகப் போடுகிறார்கள். 'என் பூனை வீட்டைவிட்டு வெளியே போவதில்லை' என்பது விலக்கு ஆகாது. ஜன்னல் வழியாக வௌவாலோ கீரியோ உள்ளே வந்தால் முதலில் அதன்மேல் பாய்வது பூனைதான்.

ஒரு நாய் திடீரென்று குணம் மாறி, தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை வாய்க்குள் விடாதீர்கள். வெறிநோய்க்கும் இதே தோற்றம்தான். கடியோ கீறலோ எச்சிலோ உங்கள்மேல் பட்டுவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நாளை பார்க்கலாம் என்று இருந்தால், நோய் வெளிப்பட்ட பிறகு மருந்து இல்லை.

ஊசி முடியும்வரை பூங்காவிலும் நடைபாதையிலும் தரையில் விட வேண்டாம். ஆனால் அறைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். ஏறத்தாழ 14 வாரத்துக்குள் நாய்க்குட்டி எவற்றையெல்லாம் அச்சமின்றிப் பார்க்கிறதோ அவற்றோடுதான் வாழ்நாள் முழுவதும் இயல்பாக இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு டாக்ஸியின் ஹாரன், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம், தொப்பி அணிந்தவர், குடை பிடித்தவர் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஊசி போட்ட நாய் உள்ள நண்பர் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்.

4. உண்ணியும் பிலியரியும்

முற்றத்தில் விடும் முன் உண்ணி மருந்து உடலில் இருக்க வேண்டும். இங்குள்ள பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல் மற்ற நாடுகளில் காணப்படும் வகைகளைவிடக் கொடியது. பபீசியா ரோசி என்ற ஒட்டுண்ணி, உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் புகுந்து செவ்வணுக்களை உடைக்கிறது. நேற்று ஓடி விளையாடிய நாய் இன்று எழ முடியாமல் கிடக்கும்.

எட்டு வாரமும் உரிய எடையும் ஆன குட்டிக்கு மெல்லும் மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ மருத்துவர் தருவார். பெட்டியில் எழுதியுள்ள எடை வரம்பைப் பாருங்கள். பெரிய நாயின் மாத்திரையை உடைத்து இரண்டு குட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் மருந்து மாத்திரை முழுவதும் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் விடக் கூடாது. பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் உடலால் அதைச் சிதைக்க முடியாமல் நடுக்கமும் வலிப்பும் வந்து இறக்கும். நாய்க்கு மருந்து விட்ட அன்று அதோடு ஒட்டிப் படுக்கும் பூனையை மருந்து காயும்வரை பிரித்து வையுங்கள்.

வடிகாலுக்கு ஊற்றும், தண்ணீர் பட்டால் பால்போல் வெளுக்கும் ஃபீனால் கிருமிநாசினியில் நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. ஆயா காலத்திலிருந்து செய்கிறோம் என்பார்கள். தோல் வெந்துபோன நாய்களை நான் பார்த்திருக்கிறேன். பூனைக்கு அது நேரடி விஷம்.

மருந்து கொடுத்தாலும் மாலையில் ஒருமுறை காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் அக்குளிலும் வாலடியிலும் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்த உடனே நோய் இறங்குவதில்லை, ஒட்டிக்கொண்டு சில நாள் இரத்தம் குடித்த பிறகே இறங்குகிறது. ஆகவே அன்றாடம் எடுப்பதற்குப் பலன் உண்டு. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ பாரஃபினோ தீக்குச்சிச் சூடோ வேண்டாம். உண்ணி தவித்து, தன் வயிற்றில் உள்ளதை நாய்க்குள்ளேயே கக்கிவிடும்.

அடையாளங்களின் வரிசையும் தெரிந்திருக்கட்டும். முதலில் உணவில் அக்கறை குறையும், பிறகு காய்ச்சல், பிறகு ஈறு வெளுக்கும், அதன்பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். சிறுநீர் நிறம் மாறும்வரை காத்திருப்பதுதான் பெரும் தவறு. அதற்குள் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்திருக்கலாம். இன்னொரு தவறு, பண்ணைப் பொருள் கடையில் மாட்டுக்கு விற்கும் ஊசி மருந்தை வாங்கித் தாமே போடுவது. அந்த மருந்தில் சரியான அளவுக்கும் மூளையைக் கெடுக்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

5. குடற்புழு

குட்டிப் பருவத்தில் மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. புழு முட்டை மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் போகும் என்பதால் எல்லா விலங்குகளுக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

டர்பன் பகுதிக்கென்று ஒரு கூடுதல் கவலை உண்டு. ஸ்பைரோசெர்கா என்ற புழுவின் முட்டை நாய் மலத்தில் வெளிவந்து, சாணவண்டின் வயிற்றில் வளர்ந்து, அந்த வண்டையோ அதைத் தின்ற பல்லியையோ கோழியின் குடலையோ தின்னும் நாயின் உணவுக்குழாயில் கட்டியாகிறது. சில கட்டிகள் புற்றாக மாறும். கடையில் வாங்கும் சாதாரணப் புழு மாத்திரை இதற்குப் போதாது. இதற்கான மாத மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளுவது அழகுக்காக அல்ல, வண்டுக்கு முந்திக்கொள்வதற்காக.

6. உணவு

நாய்க்குட்டிக்கு மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. குட்டிகளுக்கென்று எழுதியுள்ள உணவையே வாங்குங்கள். எலும்பு வளர்ச்சிக்கான சுண்ணாம்புச்சத்தின் அளவு அதில்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. கிண்ணத்தை நாள் முழுவதும் வெளியே வைத்தால் மைனாவும் குரங்கும் எலியும் பங்குக்கு வரும். குரங்கோடு மோதும் நாய்க்கு ஆழமான காயம் படலாம், குரங்கின் கோரைப்பல் அவ்வளவு நீளம். எலியின் சிறுநீரோ லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். இருபது நிமிடம் வைத்து, மீதியை எடுத்துவிடுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டில் முதல் எதிரி மிளகாய் அல்ல, வெங்காயம். நம் கறிக் குழம்பிலும் பிரியாணியிலும் கரைந்திருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்த அணுக்களையும் உடைக்கும். பூனைக்குச் சிறிதளவே போதும். 'கறியைக் கழுவித்தானே போட்டேன்' என்பார்கள். மசாலா கழுவினால் போகும், ஊறிய சாறு போகாது. வெந்த எலும்பும், பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்து) முடிந்தபின் எறியும் எலும்பும் ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த இனிப்புகள் ஆகியவற்றை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். பாயசத்துக்கு எடுத்து வைத்த திராட்சைப் பொட்டலம் மேசை ஓரத்தில் இருந்தால் போதும்.

புரட்டாசி மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இறைச்சி நுழையாத அந்த மாதத்தில் பூனைக்கும் பால்சோறு வைக்கும் குடும்பங்களை அறிவேன். பூனை இறைச்சி தின்றே வாழப் பிறந்த உயிர். டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தானே செய்துகொள்ள முடியாது, அது குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். புதிய உணவை வெறுத்து இரண்டு நாள் பட்டினி கிடந்தாலோ கல்லீரலில் கொழுப்பு தேங்கும். விரதத்தின் ஒழுங்கு கெடாமலிருக்க, பூனையின் தட்டையும் கரண்டியையும் தனியாக வைத்து, சமையலறைக்கு வெளியே உலர் உணவை வைக்கலாம். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

7. கழிவிடப் பழக்கம்

நாய்க்குட்டியைத் தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கழித்த அந்த நொடியிலேயே பாராட்டுங்கள். உள்ளே வந்த பிறகு கொடுக்கும் பிஸ்கட்டை அது உள்ளே வந்ததற்கான கூலியாகத்தான் எடுத்துக்கொள்ளும். தவறிய இடத்தில் மூக்கைத் தேய்த்தால், உங்கள் கண்முன் கழிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போகும். பூனைக்கு மணல் தட்டு, உணவிலிருந்து தள்ளி இருந்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று.

8. நாயும் பூனையும் ஒரே வீட்டில்

கையில் பூனையைப் பிடித்துக்கொண்டு நாயின் முகத்துக்கு நேரே நீட்டுவதுதான் எல்லோரும் செய்வது. கீறல் விழும், நாய் துரத்தும், அந்த ஒரு நிமிடத்தை இரண்டும் ஆண்டுக்கணக்கில் மறக்காது.

முதலில் வாசனை: மூன்று நான்கு நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் வேறு அறைகளில் இருக்க, படுக்கைத் துணியை மட்டும் மாற்றிப் போடுங்கள். பிறகு, மூடிய கதவின் இருபுறமும் உணவு வையுங்கள். இரண்டும் பதற்றமின்றித் தின்னத் தொடங்கிய பிறகே, நாய் கயிற்றில் இருக்க, கதவைக் கொஞ்சம் திறங்கள். நாய் பூனையை உற்றுப் பார்த்து உறைந்து நின்றால் கதவை மூடி ஒரு படி பின்வாங்குங்கள்; குரைக்கும் நாயைவிட அசையாமல் பார்க்கும் நாய்க்கே அஞ்ச வேண்டும். பூனை ஏறி உட்கார உயரமான இடம் ஒவ்வோர் அறையிலும் இருக்கட்டும்.

9. கருத்தடை

பூனைக்கு ஐந்து மாதத்துக்குள், நாய்க்கு ஏறத்தாழ ஆறு மாதத்தில். பெரிய இன நாய்க்குக் காலத்தை மருத்துவர் தள்ளிப்போடலாம். 'ஒரு முறை குட்டி போடட்டும்' என்பதற்கு உடல்நல அடிப்படை எதுவும் இல்லை. பெட்டை நாய்க்கு முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் பிற்காலத்தில் மடிப் புற்றின் வாய்ப்பு பெரிதும் குறையும். செலவு தடையானால் எஸ்பிசிஏ போன்ற நல அமைப்புகளில் கேட்டுப் பாருங்கள்.

10. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு

தீபாவளியும் நவம்பர் 5-ஆம் நாள் கை ஃபாக்ஸ் இரவும் அடுத்தடுத்து வருவதால், இங்குள்ள விலங்குகளுக்கு அது ஒரே நீண்ட வெடிச் சத்தம். ஒரு மாதம் முன்பே கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கோத்து, தோலுக்கடியில் பதித்த அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் விவரத்தைச் சரிபாருங்கள். வெடிச் சத்தத்தின் பதிவை மிக மெல்லிய ஒலியில் போட்டு, அதே வேளையில் பிடித்த தின்பண்டம் கொடுத்து, நாள்தோறும் ஒலியைச் சிறிது கூட்டிப் பழக்குங்கள். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடைக்கு அழைத்துச் சென்று, உள்ளறையில் திரை மூடி விடுங்கள். சங்கிலியில் கட்டிப் போடக் கூடாது. மதில் தாண்ட முயன்று கழுத்து இறுகி இறந்த நாய்கள் உண்டு. கடுமையாக அஞ்சும் நாய்க்கு மருத்துவரிடம் மருந்து உண்டு, ஆனால் அதைக் கேட்க வேண்டியது பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு.

11. அன்றாடப் பார்வையும் அவசரமும்

உண்ணி தேடும் அதே வேளையில் ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். உடல்சூடு 38 முதல் 39.2 டிகிரிவரை இயல்பு. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டக் கூடாது. நலமாக இருக்கும்போது பார்த்துப் பழகாதவருக்கு நோயுற்ற நாளில் இந்த எண்கள் உதவா.

கோடையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயை நடத்த வேண்டாம். ம்ஃபெசி என்ற துப்பும் நாகம் நாயின் கண்ணில் விஷம் துப்பியிருந்தால், கண்ணைத் தேய்க்க விடாமல் 15 நிமிடம் ஓடும் நீரால் கழுவிக்கொண்டே இன்னொருவரைக் காரை எடுக்கச் சொல்லுங்கள். பால் ஊற்ற வேண்டும் என்று தேடிப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். மழைக்குப் பின் தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் வாயைக் கழுவி, ஈரத்துணியால் ஈற்றைத் துடையுங்கள்.

திடீரென எச்சில் கொட்டி, தசை துடித்து, கால் மடங்கினால், மதிலுக்கு மேல் யாரோ எறிந்த இறைச்சியில் 'டூ ஸ்டெப்' இருந்திருக்கலாம். திருடர் கையாளும் இந்த விஷம் நிமிடக்கணக்கில் வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போகும். மிச்ச இறைச்சியை வெறுங்கையால் தொடாமல் பையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வழியிலேயே மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

ஆண் பூனை மணல் தட்டுக்கு அடிக்கடி போய் முக்கியும் சொட்டுகூட வராவிட்டால், அதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கும், ஓரிரு நாளில் உயிர் போகும். வலிக்கிறதே என்று பாரசிட்டமாலும் கொடுக்காதீர்கள், ஏனெனில் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.